650 குதிரைக்குள் 14 குதிரை



பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளை வளர்ப்பவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும் கடைசி வரை வாசிக்க வேண்டுகிறோம்.

எமது தரம் 10, 11 பையன்களுக்கு ஆவர்த்தன அட்டவணையின் முதல் இருபது மூலகங்களைக் கேட்டால் பத்தாவதில் தடுக்குப்படும். லம்போகினி ஊருஸ் ஜீப்பைப் பற்றிக் கேட்டால் தடுக்குப்படாது. "650 குதிரைவலு சேர். நூறு கிலோமீற்றர் வேகம் எடுக்க 3.6 செக்கன். உச்ச வேகம் 305." பூவரசங்குளத்தில் அந்த வாகனத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் போனில் பார்த்ததுதான். ஆனாலும் இலக்கம் ஒன்றும் பிழை இல்லை.

'வேலை, சக்தி, வலு' பாடத்தைக் கப்பியும் சாய்தளமும் வைத்துப் படிப்பித்தால் நித்திரை கொள்கிற பிள்ளைகள் இவர்கள். இந்த முறை நாம் ஊருஸையே பலகையில் ஏற்றினோம். மூன்று பாடவேளை அதிலேயே போனது. அதில் வந்த கணக்குகளைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பிள்ளைகளை மலைக்க வைத்தது வரலாறு. லம்போகினி கம்பனி தொடங்கியது காரில் இல்லை, உழவு இயந்திரத்தில். பெருச்சியோ லம்போகினி இத்தாலியில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் வாகனங்களைத் திருத்துகிற மெக்கானிக். போர் முடிந்து ஊருக்கு வந்தபோது வயல் உழ இயந்திரம் இல்லை, படைகள் விட்டுப்போன வாகனங்கள்தான் குவிந்து கிடந்தன. அந்த எஞ்சின்களையும் பாகங்களையும் எடுத்து உழவு இயந்திரம் செய்தார். 1948இல் அதையே கம்பனியாக்கினார். கார் கம்பனி 1963இல்தான் வந்தது.

போர் மிச்சம் வைத்த இரும்பிலிருந்து ஏர் செய்த கதையை வன்னிப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மீளக் குடியேறி, பற்றையாகிப் போன வயலை வெட்டித் திருத்தியபோது வீட்டுக்கு முதல் வந்தது ஒரு லாண்ட்மாஸ்டர் என்று சொல்கிற பிள்ளைகள் எமது வகுப்பில் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பெயர். ஊருஸ் என்பது பழைய காட்டு மாடு. இன்றைய வீட்டு மாடுகளின் மூதாதை. கடைசி மாடு போலந்தில் 1627இல் செத்து அந்த இனமே அழிந்தது. "அப்ப எங்கட வீட்டு நாம்பனுக்கு அது கொள்ளுத்தாத்தாவோ சேர்?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி சரிதான். மாட்டைப் பற்றி இன்னும் ஒரு விசயம் பிறகு வரும்.

இனி எஞ்சின். 2017 டிசம்பரில் அறிமுகமான ஊருஸில் இருப்பது நான்கு லீற்றர், எட்டு உருளை, பெற்றோல் எஞ்சின். உருளைகள் இரண்டு வரிசையாக 'வி' எழுத்துப் போல நிற்கும். வெளியேறுகிற புகைவாயு ஒரு சிறு சுழலியைச் சுழற்றும். அந்தச் சுழலி வெளிக்காற்றை அமுக்கி உருளைக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் எரிபொருளும் கூட எரிக்கலாம். இதுதான் டேர்போ. ஊருஸில் இரண்டு டேர்போ, இரண்டும் 'வி'யின் பள்ளத்துக்குள்ளேயே இருக்கின்றன. புகை போக வேண்டிய தூரம் குறைவதால் மிதித்தவுடன் வலு கிடைக்கிறது. முறுக்கம் 850 நியூற்றன் மீற்றர். அது நிமிடத்துக்கு 2250 சுற்றிலிருந்து 4500 சுற்று வரை குறையாமல் நிற்கிறது.

இவ்வளவு உயரமான, 2200 கிலோ அளவு திணிவுள்ள வாகனம் வளைவில் சாய வேண்டும். அதைத் தடுக்க 48 வோல்ற் மின்மோட்டார்கள் உடலை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்கின்றன. பின் சக்கரங்களும் மூன்று பாகை வரை திரும்பும். சில்லுகளுக்கு மேலே இருப்பது காற்றுப் பைகள். பள்ளத்தில் வாகனத்தை உயர்த்தும், வேகத்தில் தாழ்த்தும். மாஷா அல்லாஹ், மனித மூளைக்கு அல்லாஹ் கொடுத்த ஆற்றலை இதில் பார்க்கலாம். இவ்வளவும் படித்தபோது வியந்தோம். வியக்க வேண்டியதை வியக்கத்தான் வேண்டும்.

பிறகு கணக்குக்கு வந்தோம். எமது ஏ-30 வீதியில், ஊர்மனைக்கு வெளியே, சட்டப்படி மணிக்கு 70 கிலோமீற்றர் ஓடலாம். ஊர்மனைக்குள் 50. 70இல் சீராக ஓட ஊருஸுக்கு எவ்வளவு வலு தேவை?

சமதரையில் சீரான வேகத்தில் போகும்போது எஞ்சின் இரண்டு விசைகளைத்தான் வெல்ல வேண்டும். ஒன்று காற்றின் தடை. இந்தப் பருமனுள்ள வாகனத்துக்கு 70இல் ஏறத்தாழ 230 நியூற்றன். மற்றது டயர் உருள்வதன் தடை. ஒருவர் ஏறினால் திணிவு 2300 கிலோ என்று வைத்தோம். ஏறத்தாழ 290 நியூற்றன். மொத்தம் 520. மணிக்கு 70 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 19.4 மீற்றர். வலு என்பது விசையை வேகத்தால் பெருக்குவது. விடை 10 கிலோவாற்று. ஒரு குதிரைவலு 746 வாற்று. ஆகவே ஏறத்தாழ 14 குதிரைவலு.

வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வாங்கில் இருந்த ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "சேர், அது எங்கட லாண்ட்மாஸ்டர்ர எஞ்சின்."

உண்மை. கியரில் போகிற இழப்பு, ஏசி என்று இன்னும் சில குதிரை சேர்த்தாலும் கதை மாறாது. 650 குதிரை வாங்கினவர் சட்டப்படி இந்த வீதியில் ஓடும்போது, 14 குதிரை இழுக்கிறது, 636 குதிரை சும்மா நிற்கிறது. காற்றுத் தடையை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடி வீதத்தில் கூடுவதால்தான் 305இல் ஓட அத்தனை குதிரையும் வேண்டும். அந்த வேகத்துக்கான வீதி இந்த நாட்டில் இல்லை. அதிவேக நெடுஞ்சாலையிலும் எல்லை 100தான்.

வலு என்றால் பெரிசு, பெரிசென்றால் பயன் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு வாகனத்தையும் காட்டினோம். 2009இல் இதே வீதியால் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்கு வெள்ளை நிற லாண்ட் குரூசர்கள் போனதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகம் முழுவதும் நிவாரண அமைப்புகள் அதிகம் வைத்திருந்தது அந்த வாகனத்தின் 70 வரிசை. அதில் பரவலாக வந்தது 4.2 லீற்றர், ஆறு உருளை டீசல் எஞ்சின். டேர்போ இல்லை. வலு 130 குதிரை மட்டில். பாகங்கள் எளியவை, காட்டுக்குள் நின்றாலும் திருத்தலாம், எந்த டீசலிலும் ஓடும். பசித்தவனுக்கு மாவும் காயப்பட்டவனுக்கு மருந்தும் கொண்டு போனது அந்த 130 குதிரை.

வயலுக்குள் போனால் இன்னும் குறைவு. இங்கே உழுகிற மெசி பெர்குசன் 240இன் எஞ்சின் ஐம்பது குதிரைக்குக் கிட்ட. கியரால் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் நாலு மடங்கு, பத்து மடங்கு வலு உள்ள ஜீப் புதைகிற சேற்றில் அது நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். வேலை எது என்று தெரிந்து செய்த இயந்திரம் அது.

"அப்ப மற்றக் குதிரையெல்லாம் எதுக்கு சேர்?"

வேகம் எடுக்க. 2300 கிலோவை நூறு கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுபோனால் அதில் சேர்கிற இயக்க சக்தி ஏறத்தாழ 890 கிலோயூல். மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதை 3.6 செக்கனில் கொடுக்க, சராசரியாக 330 குதிரைவலு.

இனித்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பிய இடம். கொடுத்த சக்தியைத் திருப்பி எடுக்காமல் வாகனம் நிற்காது. ஊருஸ் நூறிலிருந்து 33.7 மீற்றரில் நிற்கும் என்று கம்பனி சொல்கிறது. அதற்கு 2.4 செக்கன் போகும். அதே 890 கிலோயூலை 2.4 செக்கனில் வெப்பமாக மாற்ற வேண்டும். சராசரியாக 490 குதிரைவலு. வேகம் எடுக்க 330, நிறுத்த 490. வாகனத்தின் மிகப் பெரிய வலு எஞ்சினில் இல்லை, பிரேக்கில் இருக்கிறது. அதற்காகத்தான் முன் சில்லுகளில் 440 மில்லிமீற்றர் விட்டமுள்ள காபன் செரமிக் தட்டும், ஒவ்வொன்றையும் பிடிக்கப் பத்துப் பிஸ்டனும் வைத்திருக்கிறார்கள். ஓட வைப்பதை விட நிறுத்துவது கடினம் என்று அந்த எஞ்சினியர்மாருக்குத் தெரியும்.

இந்தக் கணக்கு எமக்கு வெறும் பாடம் இல்லை. எம்மிடம் படித்த ஒரு பிள்ளை, ஓ/எல் முடித்து ஒரு வருடத்தில், இரவு மோட்டார் சைக்கிளில் வந்தபோது வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதினான். உயிர் தப்பியது அல்லாஹ்வின் அருள். இன்றைக்கும் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டான். இரவில் தார் சூடாக இருக்கும், மாடு அதில் வந்து படுக்கும். வன்னியில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஓடுகிறோம்.

ஆகவே மூன்றாவது பாடவேளைக்குப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நாடாவால் அளந்தோம். கண் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்கை மிதிக்க ஒரு செக்கன் என்று வைத்துக்கொண்டோம். 70இல் அந்த ஒரு செக்கனில் 19 மீற்றர் போய்விடும். ஊருஸின் பிரேக்கை வைத்தே கணக்குப் பார்த்தால் நிற்க இன்னும் 17 மீற்றர். மொத்தம் 36. அங்கே ஒரு தடியை நட்டோம். வேகத்தை இரட்டித்து 140 ஆக்கினால், அந்த ஒரு செக்கனில் 39 மீற்றர், பிரேக்கில் நாலு மடங்காகி 66. மொத்தம் 105. இரண்டாவது தடியை நடப் போனவன் மைதானத்தின் எல்லை தாண்டி வேலிக்கு அங்கால போய்விட்டான். டிம் லைட்டில் எங்களுக்குத் தெரிவது ஐம்பது மீற்றரளவுதான். 36 அதற்குள் அடங்கும். 105 அடங்காது. மாடு கண்ணில் படுகிறபோதே கதை முடிந்துவிட்டது.

இது உலகத்தின் மிகச் சிறந்த பிரேக்குகளில் ஒன்றுக்கான கணக்கு. லீசிங்கில் எடுத்த, டயர் தேய்ந்த மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் நீளும். அந்த ஒரு செக்கனை மட்டும் எந்தக் கம்பனியும் குறைத்து விற்க முடியாது. அது கோடீஸ்வரருக்கும் எமக்கும் ஒன்றுதான்.

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. புது ஜீப்புகள் எமது வீதியாலும் போகின்றன. யாரையும் குறை சொல்லவில்லை. ஹலாலான உழைப்பில் வாங்குகிறவருக்கு அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். 2022இல் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் வாங்கி, அதையும் கணக்குப் பார்த்து ஓடிய ஆட்கள் நாம். அந்தக் கணக்கை வேகத்திலும் கொஞ்சம் பார்ப்போம் என்றுதான் கேட்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பதினெட்டு நிரம்பாத, அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்காதீர்கள். மாடு வளர்ப்பவர்கள் அந்தியில் மாட்டைப் பட்டியில் அடையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த நபிவழி. மாட்டுக்கும் அதுதான், பிரேக்குக்கும் அதுதான்.

கொழும்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் இந்த வீதியால் போகிற சகோதரர்களே, காலை ஏழரைக்கு முன்னும் மதியம் ஒன்றரைக்குப் பின்னும் எமது பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாகப் போவார்கள். உங்கள் ஜீப்பைத் திரும்பிப் பார்ப்பார்கள், சில வேளை கையும் காட்டுவார்கள். அதன் எஞ்சினில் எத்தனை குதிரை என்று அவர்களுக்கு மனப்பாடம். அதில் 14 மட்டும் ஓடட்டும்.