கோப்பையில் ஒரு கொடி

பழைய கப்பல் நிறுவனத்தார் தம் கொடியைக் கொடிமரத்தில் மட்டும் ஏற்றி அமைந்தாரல்லர். உண்கலம், கரண்டி, தேநீர்க் கோப்பை என யாவற்றிலும் அதனைப் பொறித்தனர். களவு போனாலும் உரியவர் யாரெனத் தெரிய வேண்டுமன்றோ!

காசிமேட்டில் நம் மாணவர் ஒருவரின் இல்லத்தில் அத்தகைய கலங்களைக் கண்டோம். தேநீர்க் கெண்டி ஒன்று, கோப்பைகள் நான்கு, மூடியிழந்த சர்க்கரைக் கிண்ணம் ஒன்று. துறைமுகத்தில் சுமை தூக்கிய முன்னோர் ஒருவர் கொணர்ந்தவை என்றனர். எழுத்துகள் தேய்ந்துவிட்டன, கொடி மட்டும் எஞ்சியிருந்தது. வெண்ணிறக் கொடியில் மூலைக்கு மூலை ஓடும் செந்நிறப் பெருக்கற்குறி. விலைக்குக் கேட்டு வந்த வணிகர், தேவாலயத்துப் பாத்திரம் என்று சொல்லிச் சென்றாராம்.

நாம் கப்பற்கொடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பி அண்டு ஓ நிறுவனத்தின் கொடி வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய நான்கு முக்கோணங்களால் ஆனது, ஆதலின் அஃதன்று. உதவி வேண்டிக் கப்பல்கள் ஏற்றும் 'வி' என்னும் அடையாளக் கொடியிலும் வெண்மையில் செம்பெருக்கற்குறியே உண்டு. ஆனால் அது சதுரம். கோப்பைக் கொடியின் முனையோ கரிச்சான் குருவியின் வால்போல் இரண்டாகப் பிளந்திருந்தது. ஐயம் நீங்கியது. கல்கத்தா-பர்மா நிறுவனமாக 1856இல் தோன்றி, 1862இல் பெயர் மாறிய பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கொடி அது. கோப்பையின் அடியில் 'இங்கிலாந்து' என்னும் முத்திரை இருந்தது. அமெரிக்கச் சுங்கச் சட்டத்தை ஒட்டி, நாட்டுப் பெயரைப் பொறிக்கும் வழக்கம் 1891 முதலே பரவிற்று. எனவே அதற்கு முற்பட்ட கோப்பையாதல் அரிது.

வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டபோது, கட்டணத்தைக் குறைத்து அவரை வீழ்த்த முனைந்தது இதே நிறுவனந்தான். இதைக் கேட்டதும் மாணவர் கையிலிருந்த கோப்பையைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

நமக்கோ வேறொரு நினைவு எழுந்தது. இந்நிறுவனத்தின் 'ரஜூலா' 1926இல் கட்டப்பெற்றது. சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நெடுங்காலம் ஓடி, 1973இல் அப்பணியினின்று ஓய்ந்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற கலம் அது. படுக்கையின்றித் தளத்தில் பாய்விரித்துக் கிடந்த அக்கூட்டத்தில் நம் பாட்டனாரும் ஒருவர். பினாங்கில் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதச் சென்றவர். அவர் கைப்பட எழுதிய பயணப் பட்டியலில் பாய், போர்வை, ஊறுகாய்ச் சாடி, தகரக் குவளை என்பன காணப்படுகின்றன. கொடி பொறித்த கோப்பைகள் மேல்வகுப்பு உணவுக்கூடத்திற்கு உரியவை. அத்தகரக் குவளை இன்றும் நம் வீட்டில் உள்ளது. அதன் அடியில் ஆணியால் கீறிய அவர் பெயரின் முதலெழுத்து மட்டும் தெரிகிறது.