வயிற்றுவலி யாருக்கு?

எங்கள் வீட்டில் ஐந்து கதவுகள். உள்ளே தாழ் போட்டால் யாரும் "என்ன, ஏது" என்று கேட்காத கதவு ஒன்றுதான், குளியலறைக் கதவு. அதற்கும் பத்து நிமிடம்தான் கணக்கு. குடும்ப ஆலோசனையை வீட்டிலிருந்தே வீடியோ காலில் பெறலாம், பேருந்து ஏற வேண்டாம், தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான்: வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது?

நாங்கள் ஆலோசனைக்குப் போனது எங்களுக்காக அல்ல, மகளுக்காக. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பூச்சி மருந்து, குலதெய்வக் கோயில் திருநீறு எல்லாம் ஆயிற்று. கடைசியில் குழந்தை மருத்துவர்தான் சொன்னார்: "உடம்புல ஒண்ணும் இல்ல. ஆனா பாப்பா பொய் சொல்லல. நீங்க குடும்பமா ஒரு ஆலோசகர்கிட்ட பேசுங்க." எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை. திருச்சிக்குப் போய்வர ஒரு நாள் ஆகிவிடும். எனவே இணையவழி. என் இணையர் சம்மதித்ததே "பாப்பாவுக்காக" என்பதால்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு நான் மட்டும் ஓர் ஆலோசகரை நேரில் பார்த்திருந்தேன். பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து, இரவு பதினொரு மணிவரை அடுப்படியிலும் நோட்டுத் திருத்துவதிலும் கழிவதையும், அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டை வருவதையும் சொன்னேன். "ஆம்பளைங்க அப்படித்தாம்மா. நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றார். இதைச் சொல்ல என் சித்தி போதும். அவர் பணமும் வாங்க மாட்டார்.

இந்த முறை அமைந்தவர் வேறு மாதிரி. முதல் நாள் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து இருவரும் உட்கார்ந்தோம். வழக்கமாகத் தெருமுனை வரை கேட்கும் அத்தையின் சீரியல் அன்று சத்தமே இல்லாமல் ஓடியது. அத்தை எங்கள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆலோசகருக்கு என் முகத்திலேயே புரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும் என்றார்.

நான் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்தேன். "ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? வீட்டில் யாராவது அடிக்கிறார்களா? இவரிடம் பேச எனக்குப் பயமாக இருக்கிறதா? இல்லை, இல்லை, இல்லை. காரணத்தையும் அவரே விளக்கினார். அடி விழுகிற வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசச் சொல்வது ஆபத்து. அந்தப் பெண் சொல்லும் உண்மைக்கான தண்டனை, கால் முடிந்த அடுத்த நிமிடம் அதே அறையில் கிடைக்கும். நேரில் போனாலாவது வீடு வந்துசேர வழி இருக்கிறது, நேரம் இருக்கிறது. போனில் அதுவும் இல்லை.

மூன்றாவது முறை மகளும் இருந்தாள். ஆலோசகர் அவளிடம் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. "வலி வந்தா யார் யார் வருவாங்க?" என்றார்.

"அம்மா வருவாங்க. ரொம்ப வலிச்சா அப்பாவும் வருவாங்க. அப்ப சண்டை போட மாட்டாங்க."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிறகு தேடிப் படித்தபோது, இது குடும்பச் சிகிச்சையின் பழைய பாடம் என்று தெரிந்தது. பெற்றோரின் பூசல் குழந்தையின் உடலில் நோயாக வெளிப்படலாம், அந்த நோயே பெற்றோரின் பூசலை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடலாம் என்று பிலடெல்பியாவில் பணியாற்றிய சால்வடார் மினுச்சின் எழுதினார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய நூல் 1978இல் வந்தது. அதே 1978இல் ரேச்சல் ஹேர்-மஸ்டின் என்ற பெண் உளவியலாளர் அந்தத் துறையையே கேள்வி கேட்டார். குடும்பத்தைச் சரிசெய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் ஆண், பெண் வேலைப் பிரிவினையை அப்படியே விட்டுவைத்தால், பாரம் பெண்ணின் தலையில்தானே இருக்கும் என்பதே அவர் வாதம். என்னை அனுசரித்துப் போகச் சொன்னவர் இதைப் படித்திருக்கலாம்.

எங்கள் ஆலோசகர் கொடுத்த வீட்டுப்பாடம் எளியது. வீட்டில் யார் எதைச் செய்கிறார்கள் என்றல்ல, யார் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். சிலிண்டர் பதிவு, சின்னவனின் தடுப்பூசி, அத்தையின் சர்க்கரை மாத்திரை, பள்ளிக் கட்டணத் தேதி, நாத்தனார் மகள் பிறந்தநாள், தீர்ந்துபோன துவரம்பருப்பு. நான் 41 வரி எழுதினேன். அவர் 9 வரி. அதில் ஒன்று, 'மனைவிக்கு உதவுவது'.

"நான் சம்பாதிக்கிறேன்ல?" என்றார்.

"மேடமும்தானே சம்பாதிக்கிறாங்க?" என்றார் ஆலோசகர்.

நெட் போய்விட்டதாகச் சொல்லிக் காலைத் துண்டித்தார். நெட் எங்கும் போகவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சில்லை. இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவரே போனை எடுத்துவந்து அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தார்.

இது எங்கள் வீட்டின் தனிக்கதை அல்ல. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். நினைவில் வைத்திருக்கும் வேலையை எந்த நிமிடக் கணக்கில் சேர்ப்பது?

எட்டு செஷன்கள் முடிந்தன. செஷனுக்கு ஆயிரம் ரூபாய், என் சீட்டுப் பணத்திலிருந்து. செவ்வாயும் வியாழனும் இரவுச் சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் அவர் பொறுப்பு. சொல்லாமலே செய்கிறார் என்று எழுத ஆசைதான். சில வாரம் செய்கிறார், சில வாரம் ஹோட்டல் பரோட்டா. மகளுக்கு மாதம் ஒருமுறை வயிறு வலிக்கிறது. இப்போது, வலிக்காத நாளிலும் இருவரும் அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்கிறோம்.

"என் புள்ளய அடுப்படியில நிக்க வச்சிட்டா" என்று ஊரெல்லாம் சொன்ன அத்தை, ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பொண்ணு என்கிட்டயும் பேசுமாடி?" நான்கு பிள்ளை பெற்று, நாற்பது வருடம் உலை வைத்தவரிடம் உனக்கு என்ன கஷ்டம் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் அவரை மாமியாராக மட்டுமே அறிந்திருந்தேன். ஒன்பதாவது செஷன் அத்தைக்கு. என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

எல்லோராலும் ஆயிரம் ரூபாய் கொடுக்க முடியாது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற டெலி-மானஸ் எண் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அடி, மிரட்டல் இருந்தால் குடும்ப ஆலோசனைக்குக் காத்திருக்க வேண்டாம். 181ஐ அழையுங்கள். ஆலோசகரிடம் அவர் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு மூன்று செஷன் ஆன பிறகும் மாற வேண்டியவர் பட்டியலில் உங்கள் பெயர் மட்டுமே இருந்தால், ஆளை மாற்றுங்கள்.