எட்டுச் சன்னல் வீடு

நான் செய்த முதல் பொம்மை வீட்டில் சன்னல்களே கிடையாது, சன்னல் படங்கள்தான் இருந்தன. செருப்புப் பெட்டியைக் கவிழ்த்து, மஞ்சள் தாள் ஒட்டி, வெள்ளைத் தாளில் சன்னல்களை வெட்டி அதன்மேல் ஒட்டியிருந்தேன். மேலே செங்குத்தாகச் சரியும் சாம்பல்நிறக் கூரை. பாரிஸ் படமொன்றைப் பார்த்துச் செய்த அந்த வீட்டை மேலகரத்தில் இருக்கும் ஆசாரித் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சன்னலின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிவிட்டுக் கேட்டார்: “சன்னல் தொறக்குமா பிள்ள?”

திறக்காது என்றேன். “அப்போ உள்ள இருக்கவன் மூச்சுக்கு என்ன செய்வான்?” என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

தாத்தா இளவயதில் சொப்புச் சாமான் கடைந்தவர். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் கடைகளில் தொங்குமே, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சின்னக் குடம், அடுப்பு, உரல், அவைதான். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறும். தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். அழுத்தம் கூடினால் அரக்கு தீய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும், குறைந்தால் பிடிக்காது. அந்த அளவு அவர் கையில் இருந்தது. பின்னாளில் தச்சு வேலைக்குப் போனவர், புதுச்சேரியில் பழைய வீடுகளுக்குக் கதவு, உத்தரம் மாற்றும் வேலையில் சில வருடங்கள் இருந்திருக்கிறார். “பிரெஞ்சு வீடு வேணும்னா பாரிஸ் எதுக்கு? பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வா. டேப்பு கொண்டுபோ” என்றார்.

போனேன். 1674-இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன ஊர். டூமா வீதியில் காலையில் நடந்தபோதுதான் என் தவறு தெரிந்தது. அங்கே சரிந்த கூரையைத் தேடவேண்டியிருந்தது. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்பு கொண்டு இறுக்கிய மட்டமான மெட்ராஸ் தளம்தான் எங்கும். ஒரு பழைய விடுதியில் சன்னலருகே நின்று சுவரின் கனத்தைச் சாணால் அளந்தேன். இரண்டு சாண். ஒன்றரை அடிச் சுவரில் சன்னல் உள்வாங்கி உட்கார்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் விழும் நிழல்தான் அந்த வீடுகளின் அழகு என்பது என் எண்ணம்.

பொம்மை வீடு கட்டுபவர்கள் உலகெங்கும் அதிகம் கையாளும் கணக்கு ஓரடிக்கு ஓரங்குலம். எனவே என் சுவருக்கு ஒன்றரை அங்குலக் கனம் வேண்டும். டிவி பெட்டியோடு வந்த தெர்மகோலை நடுவில் வைத்து, இருபுறமும் அட்டை ஒட்டி, வெளிப்பக்கத்துக்கு மட்டும் தாள் ஒட்டினேன். ஆனி மாதம் அது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் நான்கு சுவர்களும் படகுபோல வளைந்து கிடந்தன. ஈரம்தான் காரணம் என்று அடுப்படியில் வைத்துக் காயவைத்தேன், இன்னும் வளைந்தன. புத்தகங்களை அடுக்கிப் பாரம் வைத்தேன். எடுத்ததும் மறுபடி எழும்பின. மைதாப் பசையில் பூஞ்சணம் வேறு பூத்து, மஞ்சள் தாளில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. இரண்டு வார வேலை அது. அன்று வீட்டில் யாரோடும் பேசவில்லை.

தாத்தா வளைந்த சுவரைக் கையில் வாங்கி, வளைவின் உட்பக்கத்தைத் தடவச் சொன்னார். தாள் மத்தளத் தோல்போல விறைத்திருந்தது. “பசையில நனைஞ்ச தாளு காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் இழுத்தா வளையாம என்ன செய்யும்? எதிர்ப்பக்கமும் ஒட்டு. ரெண்டும் இழுத்தா நேரா நிக்கும்.” மைதாவுக்குப் பதில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சச் சொன்னார். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்களே என்றேன். “பிள்ளைய வாயில வைக்கிற சாமான்ல வெசமா?” என்று அதட்டினார். நான்கு சுவர்களையும் மீண்டும் செய்தேன். சலித்த கோலப்பொடியை ஃபெவிகாலில் குழைத்துப் பூசியபோது விரலுக்குச் சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பு கிடைத்தது.

அடுத்தது சன்னல் கதவு. காற்று நுழையவும் வெயில் தடுக்கவும் சாய்ந்த சட்டங்களை வரிசையாகக் கோத்த கதவு அது. ஒரு கதவுக்கு இருபது சட்டம், சன்னலுக்கு இரண்டு கதவு, எட்டுச் சன்னல். ஐஸ் குச்சிகளை நீளவாக்கில் பிளந்து முந்நூற்று இருபது சட்டங்கள் தயார் செய்தேன். இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒட்டினாற்போல் வைத்து, ஒரே இழுப்பில் சாய்வாகக் காடி எடுத்தேன். காடி என்பது சட்டம் உட்காரும் பள்ளம், நகம் பதியும் அளவு ஆழம் போதும். ஒரே கோட்டில் எடுத்தால் பிசகாது என்று நம்பினேன். நிறுத்திக் கோத்தால் ஒரு சட்டமும் உட்காரவில்லை. ஒரு முனை முன்னே சாய்ந்தது, மறுமுனை பின்னே சாய்ந்தது. முறுக்கி நுழைத்ததில் குச்சிகள் உடைந்தன. அளவு தவறென்று நினைத்து மீண்டும் அதையே செய்தேன். இப்படி மூன்று ஜோடிகள் வீணாயின.

தாத்தா குறையேதும் சொல்லவில்லை. “ரெண்டு கையையும் விரிச்சு வை” என்றார். மேசைமேல் உள்ளங்கைகளை மலர்த்தி வைத்தேன். “பெருவிரல் ரெண்டும் ஒரே பக்கமா பாக்குது?”

இல்லை. இடது கைவிரல் இடப்பக்கம் பார்த்தது, வலது கைவிரல் வலப்பக்கம் பார்த்தது. உள்ளங்கைகளை எதிரெதிரே நிமிர்த்தினேன். இப்போது இரண்டு பெருவிரல்களும் என் பக்கம் பார்த்தன. சட்டென்று விளங்கியது. எதிரெதிரே நிற்க வேண்டிய பக்கச் சட்டங்களைப் படுக்கவைத்தால் காடிகள் கூரைபோல எதிர்ச்சாய்வில் இருக்கவேண்டும். அன்றிரவே ஒரு ஜோடி எடுத்தேன். இருபது சட்டங்களும் முறுக்காமல் உட்கார்ந்தன. விரலால் மேலிருந்து கீழே வருடினால் சீப்பை வருடுவதுபோல் கிர்ரென்றது.

சாமான்கள் சேர்த்தது அத்தனை கடினமில்லை. குற்றாலத்தில் வாங்கிய சொப்புக் குடத்தை உள்ளே வைத்தபோது மட்டும் தாத்தா ஸ்கேல் வைத்துப் பார்த்து, “ரெண்டங்குலம். அந்த வீட்டாளுக்கு ரெண்டடிக் குடம். ஆரு தூக்குவா?” என்றார். குடத்தை எடுத்துவிட்டேன். தீக்குச்சிச் சட்டத்தில் தையல் நூலைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிப் பிரம்பு நாற்காலிகள் ஆறு செய்தேன். கட்டிலுக்குப் பழைய வேட்டிக் கரை.

கடைசியாகக் கதவுகளை மாட்டவேண்டும். கடையில் அவ்வளவு சின்னக் கீல் கிடைக்கவில்லை. “கீல் எதுக்கு? நம்ம கோயில் கதவுக்கு என்ன இருக்கு, குடுமிதான?” என்றார் தாத்தா. குண்டூசியின் தலையை நறுக்கி, கதவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் செருகி, நிலையில் துளையிட்டு நிறுத்தினேன்.

ஒன்பது மாதம் ஆகியிருந்தது. வீட்டை அவர் திண்ணையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுண்டுவிரலால் ஒவ்வொரு கதவாகத் தள்ளினார். எட்டுச் சன்னல்களும் திறந்தன.