ஒரு லாரித் தண்ணீர் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன வாரம் போன் செய்தான். இப்போது அவனுக்கே நாற்பது வயது. "டீச்சர், பள்ளிக்கரணை பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கோம். நீங்க அந்தப் பக்கம் ரொம்ப வருஷமா இருக்கீங்க. வாங்கலாமா?" என்று கேட்டான்.

சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அதே கேள்வியை நானும் கேட்டிருக்க வேண்டியவள்.

1994இல் நானும் என் வீட்டுக்காரரும் மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனை வாங்கினோம். பி.எஃப். கடன், அடகு வைத்த வளையல், சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்துத்தான். சித்திரை மாதம் போய்ப் பார்த்தோம். நிலம் வெடித்துக் கிடந்தது. அங்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "டீச்சரம்மா, ஐப்பசியில வந்து பாருங்க, என் எருமை இங்கதான் நீந்தும்" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

2015 டிசம்பரில் எங்கள் வீட்டு ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. மூன்று நாள் எதிர்வீட்டு மாடியில் இருந்தோம். முப்பது வருஷம் சேர்த்து வைத்த வகுப்புப் போட்டோக்கள் எல்லாம் கூழாகிப் போயின. எருமைக்காரரின் முகம்தான் அன்று நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி, ஏறக்குறைய 111 சதுர மீட்டர். அதன்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி. முன்பு அந்தத் தண்ணீர் அங்கேயே தேங்கி, மெல்ல இறங்கி, மெல்ல நகர்ந்தது. நான் கட்டடம் கட்டி, மீதி இடத்தில் சிமென்ட் போட்டேன். ஒரு லாரித் தண்ணீரைத் தெருவில் தள்ளிவிட்டேன். எங்கள் பகுதியில் ஆயிரம் வீடு இருந்தால் ஆயிரம் லாரி. எல்லாம் ஒரே ராத்திரியில்.

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு, கடைசியில் கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்கு. இதுதான் தண்ணீர் போகும் பாதை. சதுப்பு நிலத்தில் மிஞ்சியதை 2022இல் ராம்சார் தளமாக அறிவித்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பாதை முழுக்க இன்று வீடு, ரோடு, ஐ.டி. கம்பெனி, பெருங்குடியில் குப்பைக் கிடங்கு.

இதற்கெல்லாம் சுற்றுச்சூழல் ஆய்வு கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 2006ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதி வேண்டும். அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடி. என் வீடு அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. பெரிய அடுக்குமாடிக்கும் அந்த ஒரு கட்டடத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். நாற்பது பிள்ளைகளுக்கும் தனித்தனியாக "சத்தம் போடவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வகுப்பு ஏன் இரைச்சலாக இருக்கிறது என்று கேட்பதுபோல்தான் இது.

எந்த இடம் குடியிருப்பு, எது விவசாயம், எது திறந்தவெளி என்று முதலில் வண்ணம் பூசுவது நகரத்தின் மாஸ்டர் பிளான். சென்னையின் இரண்டாவது பிளான் 2008இல் வந்தது, 2026 வரைக்குமானது. மூன்றாவது தயாராகிறது. அப்படி வண்ணம் பூசும் முன்பே, மொத்தத் தண்ணீர் எங்கே போகும், நிலத்தடி நீர் என்னவாகும், கழிவுநீரை யார் சுமப்பது, வெயில் எவ்வளவு ஏறும் என்று முழுத் திட்டத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தே ஆக வேண்டும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. மனை போட்டு விற்ற பிறகு பார்த்து என்ன பயன்?

"வீடே கட்டாதே என்கிறீர்களா?" என்று என் மகளே கேட்டாள். இல்லை. கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஏழைக் குடும்பங்களை அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். ஆற்றங்கரை ஆபத்து என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. போன இடமும் தாழ்வான இடம். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பதைப் பேப்பரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வேலையும் பள்ளியும் தூரமானதுதான் மிச்சம். வீடு வேண்டும். மேட்டு நிலத்தில், பஸ்ஸும் ரயிலும் இருக்கும் இடத்தில், ஏழைக்கும் எட்டும் விலையில் எங்கே கட்டலாம் என்பதையும் அந்த ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

என் மாணவனிடம், "ஐப்பசி கார்த்திகையில் போய்ப் பார். பழைய ஆட்களை விசாரி. அந்த சர்வே நம்பர் பழைய பதிவேட்டில் என்னவாக இருந்தது என்று பார்" என்றேன்.

"அப்ரூவல் எல்லாம் இருக்கு டீச்சர்."

"என் மனைக்கும் இருந்ததுப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் சம்பளத்துக்கு வேற எங்க டீச்சர் வாங்க முடியும்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் அவனிடமோ என்னிடமோ இருக்க முடியாது. நகரத்துக்குத் திட்டம் போடுகிறவர்களிடம்தான் இருக்க வேண்டும்.

வரைவுத் திட்டம் வெளியானால் பொதுமக்கள் ஆட்சேபம் எழுதலாம். நானும் அவனும் சேர்ந்து எழுதுவதாகப் பேசியிருக்கிறோம். எருமைக்காரர் இப்போது இல்லை. அவர் சொன்னதை முதல் வரியாக வைக்கப்போகிறேன்.

உங்கள் தெருவில் முன்பு என்ன இருந்தது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.