15 ஆம்ப்

2022 செப்டம்பரில் டாடா டியாகோ இவி அறிமுகமானபோது தொடக்க விலை 8.49 லட்சம். விலையைக் கேட்டும் நகராமல் நான் நின்ற முதல் மின்சாரக் கார் அதுதான்.

ஷோரூமில் பார்த்ததும் சின்ன ஏமாற்றம். அதே பெட்ரோல் டியாகோ, அங்கங்கே நீலக் கோடு. ஓட்டியதும் அது மறந்துபோனது. கிளட்ச் இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே வேகம் குறைகிறது. அந்த வேகத்தில் ஒரு பங்கு மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்புகிறது. சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோ சத்தம் மட்டும்தான்.

“வீட்டுல 15 ஆம்ப் பாயின்ட் இருந்தா போதும் சார். நைட்டு சொருகினா காலையில ஃபுல்” என்றார் விற்பனையாளர். உண்மைதான். அந்த விலைக்கு அப்போது கிடைத்தது 19.2 கிலோவாட் மணி பேட்டரி. ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

நான் இருப்பது மூன்றாவது மாடியில், வாடகைக்கு. கீழே வண்டி நிறுத்த இடம் உண்டு, பிளக் கிடையாது. தனி மீட்டர் வைத்துக்கொள்கிறேன் என்று ஹவுஸ் ஓனரிடம் கேட்டுப் பார்த்தேன். “அதெல்லாம் வேணாம் தம்பி, நாளைக்கு நீங்க காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க” என்றார்.

8.49 லட்சத்துக்கு வங்கி கடன் தரும். சுவரில் ஒரு துளை போடும் உரிமையை யார் தருவார்? பெட்ரோல் பங்க்கில் இதுவரை ஒருவரும் என்னிடம் “சொந்த வீடா, வாடகையா?” என்று கேட்டதில்லை.