அம்பை டு சென்னை: டிக்கியில் ஏறிவரும் ஊர்!

காரின் பின்னால் பெட்டி வைக்கும் இடத்தை நாம் 'டிக்கி' என்கிறோம். பழைய காலத்து பிரிட்டிஷ் கார்களில் 'டிக்கி' என்பது பெட்டி வைக்கும் இடமே அல்ல, ஆள் உட்காரும் சீட்! காரின் பின்பக்க மூடியைத் தூக்கினால் உள்ளேயிருந்து ஓர் இருக்கை எழும். தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலோ மழையோ, அதில் உட்கார்ந்தவர் பாடு. பிறகு அந்த சீட் மறைந்து அந்த இடத்தில் பெட்டிகள் ஏறின. பெயர் மட்டும் நம் ஊரில் அப்படியே தங்கிவிட்டது.

ஏழு சீட் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பழைய குழப்பம் இன்றும் தீரவில்லை. கடைசி வரிசை ஆளுக்கா, மூட்டைக்கா?

இதற்கு விடை தெரிய வேண்டுமானால் மே மாதக் கடைசி வாரத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பும் ஏதாவது ஒரு காரின் பின்கதவு அருகே பத்து நிமிடம் நின்றால் போதும். கோடை விடுமுறை முடிந்து, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. சுமார் 650 கிலோமீட்டர் பயணம். ஊருக்கு வரும்போது நான்கு துணிப்பைகளோடு வந்த வண்டி அது.

"எய்யா, அரிசி ரெண்டு மூடை போதுமா?"

"போதும்மா. காரு தாங்காது."

"இத்தா பெரிய காரு தாங்காதாக்கும்!"

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அம்பாசிடர் காரின் டிக்கியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. அந்த டிக்கிக்குள் ஒரு கல்யாணத்தின் பாத்திரங்களே அடங்கியதாக ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. 1984-ல் மாருதி வேன் வந்தது. பிற்பாடு 'ஆம்னி' என்று பெயர் மாறிய அந்த வண்டியின் நகரும் கதவைத் திறந்தால் ஆளும் போகலாம், அரிசியும் போகலாம். 2000-ல் குவாலிஸ், 2005-ல் இன்னோவா, 2012-ல் எர்டிகா, 2019-ல் ட்ரைபர் என்று வரிசையாக வந்தன. இதில் ட்ரைபர் நம் ஒரகடம் தொழிற்சாலையில் உருவானது. அத்தனை வண்டிகளும் சொன்னது ஒன்றைத்தான்: 'குடும்பம் மொத்தமும் ஏறலாம்.' குடும்பத்தோடு ஊரும் சேர்ந்து ஏறும் என்பதை நம் ஆட்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஏழு சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது ட்ரைபரின் டிக்கி வெறும் 84 லிட்டர். இரண்டு பள்ளிக்கூடப் பைகள் வைத்தால் முடிந்தது. இரண்டாம் தலைமுறை எர்டிகாவில் 209, இன்னோவா ஹைகிராஸில் 300. கடைசி வரிசையை மடக்கியதும்தான் வேடிக்கை! எர்டிகாவில் 550 லிட்டர், ஹைகிராஸில் 991 லிட்டர் கிடைக்கிறது. ட்ரைபரின் கடைசி வரிசையையோ கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். அப்போது 625 லிட்டர். வெளியே பார்த்தால் நான்கு மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள சின்ன வண்டி அது.

இந்த லிட்டர் எப்படி வருகிறது தெரியுமா? பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 உயரம் கொண்ட கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுகிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். கட்டை நன்றாகத்தான் அடுங்கும். பலாப்பழம் அடுங்குமா? அதனால் விளம்பரத்தில் சொல்லும் எண்ணை அப்படியே நம்பி மூட்டை கட்ட முடியாது. மடக்கிய சீட் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எர்டிகாவில் அது முன்பக்கமாகப் படுத்துத் தரையாகிவிடும். இன்னோவா கிரிஸ்டாவில் இரண்டு பக்கமும் சுவரோடு தூக்கிக் கட்டிக்கொள்ளும்; உயரம் தாராளம், அகலம் குறையும். சி.என்.ஜி. எர்டிகா என்றால் சிலிண்டர் டிக்கியில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டிருக்கும்.

வண்டி கிளம்பிவிட்டது. அம்பையிலிருந்து தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் வாங்காமல் இந்த ஊரைக் கடந்த கார் உண்டா? அப்பளத்துக்கு எடையே கிடையாது, ஆனால் அதன் மேல் எதுவும் வைக்கக் கூடாது. எனவே, உச்சியில் ஓர் இடம் அதற்கு ஒதுங்கிவிடும். அடுத்து வீரவநல்லூர். அதையடுத்து, நாதஸ்வரம் அருணாசலத்தால் உலகறிந்த காருகுறிச்சி. இங்கே மண்பானை வாங்குபவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். பானைக்குள் துணிகளைத் திணித்து, அதைக் காலியான சீட்டில் உட்காரவைத்து சீட் பெல்ட்டும் போட்டுவிடுவார்கள். சிரிப்பாக இருக்கலாம். சென்னை வரை விரிசல் விடாமல் வந்து சேர்வது அந்தப் பானைதான்.

சேரன்மகாதேவி தாண்டிப் பத்தமடை. கோரைப்பாயைச் சுருட்டினால் கைத்தடி போல ஆகிவிடும், ஆனால் நீளம்? டிக்கியில் குறுக்கே போகாது. கடைசி வரிசையில் பாதியை மட்டும் மடக்கி, இரண்டு சீட்டுகளுக்கு நடுவே நீளவாக்கில் விட்டால் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். பாதிப் பாதியாக மடங்கும் சீட்டின் அருமை அப்போதுதான் புரியும். அந்தப் பக்கம் பாய், இந்தப் பக்கம் பையன்.

திருநெல்வேலியில் அல்வா. நான்குவழிச் சாலையைப் பிடித்தால் கோவில்பட்டி. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய்க்காக ஊருக்குள் போய்த் திரும்புபவர்கள் நிறைய. பிறகு சாத்தூர் சேவு. சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது. 'அப்படியே பட்டாசும் வாங்கிவிடலாமே' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. ஆட்கள் உட்கார்ந்திருக்கும் மூடிய காருக்குள் பட்டாசுப் பெட்டி வைக்கும் தைரியம் யாருக்கும் வேண்டாம்.

இதுவரை ஏறியதெல்லாம் இடத்தை அடைக்கும் சாமான், எடை குறைவு. வில்லங்கம் அரிசியிலும் தேங்காயிலும் இருக்கிறது. 25 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய 30 லிட்டர் இடத்தைத்தான் பிடிக்கும். 'இன்னும் எவ்வளவோ இடம் கிடக்கே' என்று தோன்றும். ஆனால் இந்த வகைக் கார்கள் ஆளும் சாமானுமாக ஏறக்குறைய 500 முதல் 600 கிலோ வரை சுமக்கத்தான் செய்யப்பட்டவை. வண்டிக்கு வண்டி மாறும் சரியான அளவு, காரோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். ஏழு பெரியவர்கள் ஏறினால், ஆளுக்கு 65 கிலோ என்றாலும் 455 கிலோ ஆகிவிட்டது. மிச்சத்தில் நான்கு அரிசி மூட்டை ஏறுவதே பெரிது. இடம் இருக்கிறது என்று கண் சொல்லும், போதும் என்று பின்பக்க ஸ்பிரிங் சொல்லும். மகன் "தாங்காது" என்றது இதைத்தான்.

பாரம் ஏறினால் டயர் காற்று வேறு அளவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், முழு பாரத்துக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும். அதனால் இரவில் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அதை இறக்க டாஷ்போர்டில் ஒரு சிறு திருகு இருக்கிறது. பலரும் அதைத் தொட்டதே இல்லை. கனமானவை தரையில், சீட்டின் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். சீட்டின் உச்சிக்கு மேல் அடுக்கினால் பின்னால் வருவது கண்ணாடியில் தெரியாது. சடன் பிரேக் போட்டால் மேலே இருப்பது முன்னால் இருப்பவர் தலைக்கு வரும். ஓட்டுநரின் காலடியில் மட்டும் ஒரு பொருளும் கூடாது. உருண்டு வந்த ஒரு தேங்காய் பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்டெப்னி பல வண்டிகளில் அடிப்பக்கம் தொங்குவதால் தொல்லை இல்லை. ஜாக்கி எங்கே இருக்கிறது என்பதை மூட்டை ஏற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது உத்தமம்.

இத்தனையும் வழக்கமான விடுமுறைப் பயணத்துக்கு. வேறு ஒரு பயணம் இருக்கிறது. அது பெரும்பாலும் ஒரு முறைதான் வரும்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி. தனியாக இருந்தது போதும் என்று ஊர் வீட்டைப் பூட்டி, அவரைச் சென்னைக்கு அழைத்துப்போக வருவார்கள். லாரி பிடிக்கும் அளவுக்குச் சாமான் இருக்காது, பையில் அடங்குவதாகவும் இருக்காது. காரைத்தான் நம்ப வேண்டும். அப்போதுதான் கடைசி வரிசைச் சண்டை நிஜமாக வரும். 'அம்மியை என்ன செய்ய?' என்பார் அம்மா. வீட்டில் மிக்சி இருக்கிறதே என்று மருமகள் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பதே பெரிய மனசு. "அத்தை, குழவியை மட்டும் எடுத்துக்கிடுவோமா?" என்று ஒரு சமாதானம் பிறக்கும். அம்மி தங்கிவிடும். பூஜை விளக்கு ஏறும், ஊறுகாய்ப் பரணி ஏறும், தாத்தாவின் படம் பாய்க்குள் சுருண்டு ஏறும். பேத்திக்கு அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு. ஒரு கேன் நிறையத் தாமிரபரணித் தண்ணீர். சென்னையில் முதல் இரண்டு நாள் காபிக்கு அது போதும்.

இந்தப் பயணத்தில் அரிசியும் தேங்காயும் பின்னால் நிற்கலாம். அவற்றைப் பார்சல் சர்வீஸில் போட்டால் தானாக வந்து சேரும். ஆச்சிக்கு நடுவரிசைதான். அதுவும் நடுவே வழிவிட்ட தனித்தனி சீட் உள்ள வண்டி என்றால் காலை நீட்டிக்கொள்ளலாம். கடைசி வரிசை பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது; ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்புக்கு வரும். முழங்கால் நெஞ்சுக்கு ஏறும். முன்சீட்டை மடக்காமல் இறங்கவும் முடியாது. அந்த இடம் பேரப்பிள்ளைகளுக்கு ராஜசிம்மாசனம், ஆச்சிக்குத் தண்டனை. உயரமான வண்டிகளில் ஏற இறங்க ஒரு சின்ன ஸ்டூல் கட்டாயம். அதை டிக்கியின் அடியில் போட்டுவிட்டு விருதுநகர் டீக்கடையில் மொத்த மூட்டையையும் இறக்கித் தேடும் குடும்பங்கள் உண்டு. கதவு ஓரத்திலேயே, கடைசியாக வைத்து முதலில் எடுக்கிற மாதிரி வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தினால் நல்லது.

மதுரையைச் சுற்றி, மேலூர், விராலிமலை வழியாகத் திருச்சி. மணப்பாறை இந்தச் சாலையில் இல்லை, திண்டுக்கல் சாலையில் இருக்கிறது. ஆனாலும் 'மணப்பாறை முறுக்கு' என்ற பலகை நெடுஞ்சாலை நெடுகத் தென்படும். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம். அதை வாங்குவதற்குள் ஏ.சி. காருக்குள் ஏற்கெனவே ஊறுகாய், அல்வா, மல்லிகை, பையனின் ஷூ எல்லாம் கலந்து ஒரு வாசனை உருவாகியிருக்கும். வெங்காயம் சேர்ந்தால் ஜன்னலை இறக்கித்தான் ஆக வேண்டும். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம். இங்கே சாலையோரத்தில் தர்ப்பூசணி மலைபோலக் குவிந்திருக்கும். "இதுக்கு மேல இடமில்லை" என்று மகன் சொல்லச் சொல்ல, ஆச்சி தன் காலடியில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்.

தாம்பரம் வந்ததும் வண்டி ஊர ஆரம்பிக்கும். அடுக்குமாடி வாசலில் இறக்கும்போது லிஃப்ட் நான்கு தடவை போய்வரும். விளக்கும் பரணியும் முதல் தடவையிலேயே ஆச்சியோடு போய்விடும். கடைசி வரிசையை மறுபடி நிமிர்த்தி 'டக்'கென்று பூட்டும்போது அடியில் அரிசி மணிகள் நெரியும். எத்தனை முறை வாக்குவம் போட்டாலும் அந்த இடுக்கில் சிக்கிய நாலு மணி மட்டும் வருவதில்லை. திங்கள்கிழமை காலை ஆபீசுக்குப் போகும்போது, ஒவ்வொரு வேகத்தடையிலும் அவை பின்னாலிருந்து கலகலவென்று சத்தம் போடும்.