“இயந்திரக் கோளாறு இல்லை”

‘விபத்து, வாகனத்தின் இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல.’ மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையின் கடைசியில் வரும் இந்த வரி, விபத்து வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கு மனப்பாடம். வண்டியில் கோளாறில்லை என்று எழுதிவிட்டால், பழி ஓட்டியவர் தலையில் விழும். அந்த ஒற்றை வரியை எதிர்த்து நான் நடத்திய வழக்கு ஒன்று இளம் வக்கீல்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

என் கட்சிக்காரர் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வண்டி ஓட்டியே முதுமை அடைந்தவர். முதலாளி வீட்டில் 1950-களின் மோரிஸ் மைனர் ஒன்று இருந்தது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, இங்கிலாந்தில் 1948-இல் வெளிவந்த கார் வகை அது. அதன் பெருமையே ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங்தான். கையில் திருப்புவது சக்கரத்துக்கு உடனே போய்ச் சேரும். பல ஆண்டு ஓட்டத்தில் ஸ்டியரிங் தண்டின் மேல்புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுத்ததால், சமவெளியில் உள்ள ஒரு பட்டறையில் தண்டைக் கழற்றிச் சரிசெய்து மாட்டினார்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் கார் வீடு வந்தது. பூஜை முடிந்த மறுநாள், மலை இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பெரியவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஸ்டியரிங் திரும்பியது, கார் திரும்பவில்லை. பஸ்ஸுக்காக நின்ற ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் தொடை எலும்பு முறிந்தது.

இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில் குற்றப்பத்திரிகை வந்தது. 338-க்கு அப்போது இரண்டு ஆண்டு வரை சிறை இருந்தது. “கீழே இருந்து வந்ததிலிருந்து ஸ்டியரிங் கனமா இருந்துச்சு வக்கீலய்யா. வளைவுல ஒடிச்சா தானா திரும்பி வரலை” என்று என்னிடம் சொன்னார். போலீஸாரிடமும் சொல்லியிருக்கிறார். அது எந்தத் தாளிலும் ஏறவில்லை.

இத்தகைய வழக்கில் முதல் வேலை வண்டியைக் காப்பது. வாகனங்களைக் காவல் நிலையத்தில் நெடுநாள் கிடத்தி வைக்கக் கூடாது, படமெடுத்துப் பிணையின் பேரில் உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு அது. ஆனால் வண்டி கைக்கு வந்ததும் நேரே பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்கள், சாட்சியமும் அதோடு போய்விடுகிறது. ஒரு ஆணியைக்கூடத் தொடாமல் ஷெட்டில் நிறுத்தி வையுங்கள் என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கினேன்.

போலீஸார் எடுத்த படங்களைக் கோயம்புத்தூரில் ஒரு வயதான மிஸ்திரியிடம் காட்டினேன். “முன் டயர் நேரா நிக்குது. ஸ்டியரிங்கைப் பாருங்க, கால் சுத்துத் திரும்பி நிக்குது. பல்லு தாண்டியிருக்குய்யா” என்றார். பட்டறையிலேயே அப்படிக் கோணலாக மாட்டியிருந்தால்? அதற்கு விடை ஆயுத பூஜையன்று காரை எடுத்த படத்தில் இருந்தது. சந்தனம், குங்குமம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம், சக்கரம் நேராக, ஸ்டியரிங்கின் கம்பிகளும் நேராக. அதற்குப் பிறகுதான் தண்டு தன் பிடியை இழந்திருக்கிறது.

எப்படி என்பதை மிஸ்திரி விளக்கினார். தண்டின் அடிமுனையில் உட்புறம் பல்வரிகள் உள்ள ஒரு குழல் இருக்கும். அது பேனாவின் மேல் மூடியைப் போடுவதுபோல பினியன் முனையின் பல்வரிகள் மேல் முழுதாக இறங்கி அமர வேண்டும். பினியன் முனைக்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கிளாம்ப் போல்ட் அந்தப் பள்ளத்தை ஊடுருவிப் போனால், தளர்ந்தாலும் தண்டு மேலே எழ முடியாது.

மாட்டும்போது வரிசைதான் முக்கியம். ராக்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி, சுற்றுகளை எண்ணி, பாதியில் நிறுத்த வேண்டும். சக்கரங்களும் ஸ்டியரிங் கம்பிகளும் நேராக இருக்க வேண்டும். டாஷ்போர்டு பிராக்கெட் தளர்வாக இருக்கும்போதே தண்டை அடிவரை இறக்கி, கிளாம்ப் போல்ட்டைப் பள்ளத்தில் செலுத்தி முடுக்க வேண்டும். பிறகு தண்டு தானாக எங்கே நிற்கிறதோ அந்த நிலையிலேயே பிராக்கெட்டை இறுக்க வேண்டும். இடைவெளி இருந்தால் தகடு கொடுக்கலாம், போல்ட்டால் இழுத்து நெருக்கக் கூடாது. அப்படி இழுத்தால் பாரம் பினியனின் பேரிங்கில் ஏறும், ஸ்டியரிங் கனக்கும், வளைவு முடிந்தபின் தானாகத் திரும்பாது. பெரியவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே!

ஆய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

“ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன். சக்கரம் திரும்பியது.”

“அப்போது முன்சக்கரங்கள் தரையில் இருந்தனவா?”

“இல்லை. ஜாக்கியில் தூக்கியிருந்தது.”

“தண்டும் பினியனும் சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா?”

“இல்லை.”

அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைத் திருப்பப் பல்லின் நுனிப்பிடி போதும். பாரத்தோடு தரையில் அழுந்தி நிற்கும் சக்கரத்தை இறக்கத்தில் திருப்ப அது போதாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 310-ஆம் பிரிவின்படி நேரில் பார்வையிட வேண்டுமென்று மனுப் போட்டேன். நடுவர் அனுமதித்தார். ஷெட்டில் இருதரப்பும் நிற்க, அதே ஆய்வாளர் தம் கையால் இணைப்பைப் பிரித்தார். பினியன் பல்வரிகளின் நுனி மட்டும் சிதைந்து பளபளத்தது. பள்ளத்தில் போல்ட் உரசிய தடமே இல்லை, பழைய கிரீஸ் அப்படியே அப்பியிருந்தது. போல்ட் பினியனின் தலைக்கு மேலேயே போயிருக்கிறது. பிராக்கெட்டை முதலில் இறுக்கியதால் தண்டு கீழே இறங்காமல் பாதியில் நின்றிருக்கிறது.

நடுவர் பார்த்ததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆகவே 311-ஆம் பிரிவின்கீழ் ஆய்வாளர் மறுபடி கூண்டேறினார். தம் முந்தைய கருத்து தவறு என்று தயங்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றும் தலைவணங்குகிறேன். பெரியவர் விடுதலையானார். அடிபட்ட பெண்ணின் இழப்பீட்டு மனு தீர்ப்பாயத்தில் தனியே நடந்தது. டிரைவர் விடுதலையானதாலேயே அந்தப் பெண்ணின் உரிமை பறிபோகாது என்பதை அவர் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

இன்று சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறிவிட்டன. 279-இன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 281, நிபுணர் கருத்துக்கு இருந்த சாட்சியச் சட்டம் 45-இன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 39. ஆனால் நிபுணர் சொல்வது அன்றும் இன்றும் கருத்துதான். அதற்கு அடிப்படை என்ன, எதைத் தொட்டார், எதைப் பிரித்தார் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. டிரைவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். தண்டனை வந்தால் உரிமமும் பிழைப்பும் சேர்ந்து போகக்கூடும். ஆகவே ஆய்வாளர் அறிக்கையை ஏற்பதற்கு முன் வண்டியைப் போய்ப் பாருங்கள், அந்த வேலை தெரிந்த மிஸ்திரி ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.